ஃபுட்டியில் ஓர் இளம் வீரரின் சீசனை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னில் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் ஆபீஸில் டீ குடிக்கப் போகும் இடத்திலும் இதே பேச்சுதான்: "போன டிராஃப்டில் எடுத்த பையன் தேறுவானா?" (டிராஃப்ட் என்பது கிளப்புகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது.) நான் பல ஆண்டுகளாக ஏஎஃப்எல், அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன். அதைவிட அதிகமாக, கூட்டம் குறைவாக இருக்கும் இரண்டாம் அணி ஆட்டங்களை வேலியோரம் நின்று பார்க்கிறேன். இந்த ஊருக்கு வந்து புதிதாக ஃபுட்டி பார்க்கத் தொடங்கிய நம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். அந்தப் பையனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள், அதைச் சீசன் தொடங்கும் மார்ச்சில் எப்படிச் செய்தார், ஆகஸ்டில் எப்படிச் செய்கிறார் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆட்டமே எனக்குப் புதிது. எவ்வளவு தெரிந்தால் போதும்?

கொஞ்சம் தெரிந்தால் போதும். முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்குப் பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். அதற்குப் பெயர் ஹேண்ட்பால். எறியக் கூடாது. உதையும் ஹேண்ட்பாலும் சேர்ந்த கணக்கைத்தான் டிஸ்போசல் என்கிறார்கள். குறைந்தது 15 மீட்டர் வந்த உதையைத் தரையில் படாமல், நடுவில் யாரும் தொடாமல் பிடித்தால் மார்க். ஒரு கால் பகுதி 20 நிமிடம் என்றாலும், பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் கடிகாரம் நிற்பதால் அரை மணி நேரத்தை நெருங்கும். அப்படி நான்கு.

'வளரும் வீரர்' என்று யாரைச் சொல்வது?

இதற்கு யாரும் வரையறை எழுதி வைக்கவில்லை. பெரும்பாலோர் ஆண்டு இறுதியில் நடக்கும் தேசிய டிராஃப்டில், பள்ளி முடிக்கும் 18 வயதில் கிளப்புக்கு வருகிறார்கள். அதற்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகள், சுமார் 50 ஆட்டம் ஆகும்வரை ஒருவரை வளரும் வீரர் என்றுதான் நான் பார்ப்பேன். பத்து வருடம் எடை தூக்கிய 28 வயது ஆளோடு, போன வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பையன் தோளோடு தோள் மோத வேண்டியிருக்கிறது. இதை மறந்துவிட்டு இருவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

25 டிஸ்போசல் எடுத்தார். அப்படியானால் நல்ல ஆட்டம்தானே?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் ஏமாற்றும் எண்ணும் இதுதான்.

பின்வரிசையில், அதாவது ஹாஃப்-பேக்கில் ஆடும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி பிஹைண்ட் அடித்தால் இவர் அணிதான் கோல் சதுரத்திலிருந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். சதுரத்தை விட்டு வெளியே ஓடி உதைத்தால் அது கணக்கில் ஓர் உதையாக ஏறும். அப்புறம் ஆளே இல்லாத பக்கத்துக்குப் பந்தை மாற்றும்போது இரண்டு மூன்று குட்டி உதைகள். யாரும் மோதாமல், சட்டையில் மண் படாமல் பத்துப் பதினைந்து டிஸ்போசல் சேர்ந்துவிடும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அணிக்கு அதுவும் வேண்டிய வேலைதான். ஆனால் நெருக்கடியில் அவர் பந்தை எப்படிக் கையாள்கிறார் என்பது அந்த எண்ணில் தெரியாது.

இப்போது முன்வரிசையில் ஆடும் ஒரு சின்ன ஃபார்வர்டைப் பாருங்கள். எட்டு டிஸ்போசல்தான். ஆனால் எதிரணி டிஃபெண்டர் பந்தோடு வெளியே வரும் ஒவ்வொரு முறையும் துரத்துகிறார். நான்கைந்து டேக்கிள், அதாவது பந்தோடு இருப்பவரைப் பிடித்து நிறுத்துவது. அதில் ஒன்று கோல் முன்னாலேயே ஃப்ரீ கிக் ஆகிறது. இன்னும் பலமுறை, பிடிக்க முடியாவிட்டாலும் அவசரப்படுத்தித் தப்பான உதை உதைக்க வைக்கிறார். பயிற்சியாளர் அடுத்த வாரமும் முதலில் எழுதும் பெயர்களில் அவர் பெயர் இருக்கும்.

'டிஸ்போசல் எஃபிஷியன்சி' என்ற சதவீதத்திலும் இதே சிக்கல். குட்டி ஹேண்ட்பால் சக வீரரிடம் சேர்ந்தால் அது வெற்றி. 40 மீட்டருக்கு மேல் நீளமாக உதைத்து இரண்டு பக்கமும் சமமாகப் போட்டியிடும் இடத்தில் விழுந்தால் அதுவும் வெற்றிக் கணக்கில் வரும். ஆனால் நடுவழியாக, துணிந்து, 30 மீட்டரில் ஒரு வழியைத் திறக்கப் பார்த்து உதை தப்பினால் சதவீதம் இறங்கிவிடும். 19 வயதில் அந்த வழி கண்ணில் படுகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். உதைப்பதைத் திருத்திவிடலாம். கண்ணில் படாததைக் காட்டிக்கொடுப்பது கஷ்டம்.

சரி, எந்த எண்களைத்தான் பார்ப்பது?

இடத்தைப் பொறுத்தது. மிட்ஃபீல்டர் என்றால் முதலில் நான் தேடுவது, நடுச் சதுரத்தில் நடுவர் பந்தை மேலே எறியும்போது அங்கே நிற்கும் தன் அணியின் நான்கு பேரில் ஒருவராக எத்தனை முறை இருந்தார் என்பதை. அங்கே நிறுத்துவது நம்பிக்கையின் அடையாளம். சீசன் தொடக்கத்தில் அந்த இடத்துக்கே போகாத பையன் கடைசி ஐந்து வாரம் பாதிக்குப் பாதி அங்கே நின்றிருந்தால், டிஸ்போசல் ஏறாவிட்டாலும் அவர் சீசன் ஏறுமுகம்தான். அதன் பிறகு கன்டெஸ்டட் பொசெஷன், அதாவது மோதி எடுத்த பந்து. அப்புறம் கிளியரன்ஸ், கூட்டத்திலிருந்து பந்தை வெளியே கொண்டுவந்தது.

டிஃபெண்டருக்கு, அவர் பார்த்துக்கொண்ட ஆள் எத்தனை கோல் அடித்தார், எதிரணியின் உதையை எத்தனை முறை குறுக்கே வந்து பறித்தார். ஃபார்வர்டுக்குக் கோலோடு சேர்த்து, கோலில் முடிந்த தொடரில் எத்தனை முறை அவர் கை பட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: ஆட்ட நேரத்தில் எத்தனை சதவீதம் மைதானத்தில் இருந்தார். 60 சதவீதம் இருந்தவரையும் 85 சதவீதம் இருந்தவரையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

எண்ணில் வராததை எப்படிப் பார்ப்பது?

டிவியில் கஷ்டம், கேமரா பந்தின் பின்னாலேயே போகும். மைதானத்துக்குப் போய், ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அந்த ஒரு பையனை மட்டும் பாருங்கள்.

ஒரு ஜூலை சனிக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் அணிகள் ஆடும் விஎஃப்எல் லீக்கின் ஆட்டம், காலையில் பெய்த மழையில் கோல் முன்னால் தரை சொதசொதவென்று இருந்தது. ஓர் இளம் உயர டிஃபெண்டர். முதல் கால் பகுதியில் தன் ஆளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றார். பந்து வரும்போது அந்த ஃபார்வர்ட் இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு முன்னால் போய் மார்க் பிடித்தார். இரண்டு முறை அப்படி, இரண்டும் கோல். பையனின் தலை தொங்கிவிட்டது. இடைவேளையில் ஓர் உதவிப் பயிற்சியாளர் அவர் பக்கத்தில் நின்று, அவருடைய முன்னங்கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். வார்த்தை எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் கால் பகுதியில் பையன் நிற்கும் விதமே மாறியிருந்தது. பக்கவாட்டில், ஒரு காலை முன்னால் வைத்து, முன்னங்கையை எதிராளியின் விலாவில் பதித்துக்கொண்டு, கண் மட்டும் மேலே. பந்து வந்தது. பிடிக்கப் போகவில்லை, முஷ்டியால் ஓங்கிக் குத்திக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். அடுத்த பந்தும் அதே. அதற்கு ஸ்பாயில் என்று பெயர், புள்ளிவிவரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் அது இருக்கும். அன்று அவருடைய டிஸ்போசல் பத்தைத் தொடவில்லை. அந்தச் சீசனில் நான் பார்த்த ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

ஓடும் விதத்தையும் கவனியுங்கள். அணி பந்தை இழந்த நொடியில் திரும்பி ஓடுகிறாரா, இரண்டு நொடி கையை விரித்து நின்றுவிட்டு ஓடுகிறாரா? தவறிய பந்துக்கு எழுந்து இரண்டாம் முறை போகிறாரா? நான் ஒரு சின்ன நோட்டில் கால் பகுதிக்கு ஒரு வரி இதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினால் நல்லது?

ஒரு கிளப்புக்கு இப்போது லீக் சுற்றில் 23 ஆட்டம். முதல் வருடப் பையன்களில் பலர் பத்தைக்கூடத் தொடுவதில்லை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கார்ல்டனின் பாட்ரிக் கிரிப்ஸ் 2014-ல், தன் முதல் சீசனில், காலில் காயம்பட்டு மூன்றே ஆட்டம்தான் ஆடினார். அடுத்த வருடம் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதில் இரண்டாம் இடம். பிறகு 2022-லும் 2024-லும் லீக்கின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரௌன்லோ மெடல். இரண்டாம் முறை 45 ஓட்டு, அது சாதனை.

எண்ணிக்கையை எடுக்கும்போது இன்னொன்று. 2023 முதல் 2025 வரை ஒவ்வோர் அணிக்கும் 'சப்' என்று ஒரு மாற்று வீரர் இருந்தார். இளம் வீரர்களுக்கு அந்த இடம் அடிக்கடி போனது. கடைசிக் கால் பகுதி மட்டும் ஆடினாலும் கணக்கில் ஓர் ஆட்டம்தான். ஆகவே அந்த ஆண்டுகளின் 'ஆட்டச் சராசரி'யைப் பார்க்கும்போது எத்தனை முறை சப் ஆக வந்தார் என்று கழித்துப் பாருங்கள்.

விஎஃப்எல், எஸ்ஏஎன்எஃப்எல், டபிள்யூஏஎஃப்எல் ஆட்டங்களைக் கணக்கில் எடுக்கலாமா?

கண்டிப்பாக. விக்டோரியாவில் விஎஃப்எல், தெற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்ஏஎன்எஃப்எல், மேற்கில் டபிள்யூஏஎஃப்எல். மேல் அணியில் இடம் கிடைக்காத பையன் அந்த வாரம் அங்கேதான் ஆடுகிறார். அங்கே 35 டிஸ்போசல் என்று செய்தி வந்தால் உடனே "ஏன் மேலே எடுக்கவில்லை?" என்று கோபப்படுவோம், நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அங்கே நேரமும் இடமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் நான் பார்ப்பது வேறு: மேல் அணியில் அவருக்கு எந்த இடம் காத்திருக்கிறதோ அதே இடத்தில் இங்கே ஆடுகிறாரா? மிட்ஃபீல்டராகவே வளர்ந்த பையனைப் பின்வரிசையில் போட்டு மூன்று வாரம் திணற விடுவதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். மேல் அணியில் அவரை எங்கே நுழைப்பது என்று யாரோ யோசித்துவிட்டார்கள். காலிங்வுட்டின் நிக் டேகஸ் சிறு வயதிலிருந்தே மிட்ஃபீல்டர். ஆனாலும் 2022-ல் முதல் சீசனைப் பெரும்பாலும் பின்வரிசையில் ஆடித்தான் ரைசிங் ஸ்டார் வாங்கினார். நடுக்களத்துக்கு முழுசாகப் போனது அதற்குப் பிறகுதான்.

உயரமான வீரர்களுக்கு ஏன் இவ்வளவு பொறுமை?

இரண்டு மீட்டர் உயரப் பையனுக்கு 18 வயதில் உயரம் மட்டும்தான் வந்திருக்கும், உடம்பு வந்திருக்காது. ரக் என்பவர் நடுவர் பந்தை மேலே எறியும் ஒவ்வொரு முறையும் நூறு கிலோவுக்கு மேல் உள்ள ஆளோடு மோதிக் குதிக்க வேண்டும். மெல்பர்ன் கிளப்பின் மேக்ஸ் கான் 2009 டிராஃப்டில் 34-வது பெயர். முதல் ஆட்டம் 2011-ல். முழங்கால் காயத்தில் 2012 முழுக்கப் போனது. அந்தந்த ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதல் முறை இடம் கிடைத்தது 2016-ல்தான். 2021-ல் அவர் தலைமையில் கிளப் 57 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. 2013-ல் அவரைப் பற்றி ஒரு மதிப்பீடு எழுதச் சொல்லியிருந்தால் நம்மில் எத்தனை பேர் நல்லதாக எழுதியிருப்போம்? ரக்குக்கும் உயர ஃபார்வர்டுக்கும் முதல் மூன்று சீசனில் உடம்பு தாங்குகிறதா, குதிக்கும் நேரம் கைவருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

டிராஃப்டில் எத்தனையாவது என்பது முக்கியமா?

எடுக்கும் நாள்வரை முக்கியம். லாக்கி நீல் 2011-ல் 58-வது பெயராக ஃப்ரிமான்டிலுக்குப் போனார். பிற்பாடு பிரிஸ்பேன் வீரராக 2020-லும் 2023-லும் பிரௌன்லோ வாங்கினார். காலிங்வுட்டின் டேன் ஸ்வானும் 2001-ல் 58-வது பெயர்தான், 2011-ல் அதே மெடல்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை நான் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்வேன். டாம் பாய்ட் 2013-ல் முதல் பெயர். ஒரே வருடத்தில் கிளப் மாறி வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் பெரிய ஒப்பந்தத்தில் வந்தார். 2016 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்து, அந்தக் கிளப் 62 ஆண்டுகள் காத்திருந்த கோப்பைக்குக் காரணமானவர்களில் ஒருவரானார். ஆனால் 2019-ல், 23 வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். மன உளைச்சலோடு போராடியதைப் பிறகு அவரே வெளிப்படையாகப் பேசினார். டிராஃப்ட் எண்ணையும் சம்பளத்தையும் வைத்து வாரா வாரம் ஒரு பையனை நிறுக்கும்போது அவர் முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

ரைசிங் ஸ்டார் விருது நல்ல அளவுகோல்தானே?

நல்ல மரியாதை, சுமாரான அளவுகோல். 1993-ல் தொடங்கியது. ஜனவரி 1 அன்று 21 வயது ஆகாதவராக, சீசன் தொடங்கும்போது பத்து ஆட்டத்துக்கு மேல் ஆடாதவராக இருக்க வேண்டும். சுற்றுக்கு ஒருவரைப் பரிந்துரைத்து, கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அடிக்கடி பந்து கையில் படும் இடத்தில் ஆடுபவர்களுக்கு அது சாதகம். எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முழுக்கப் போராடும் டிஃபெண்டர் ஜெயிப்பது அபூர்வம்.

2014-ல் பிரிஸ்பேனின் லூயிஸ் டெய்லர் நூலிழையில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் மார்கஸ் பான்டெம்பெல்லி. பான்டெம்பெல்லி பின்னாளில் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் கேப்டன் ஆனார், லீக்கின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். அதற்காக அந்த வருடம் டெய்லருக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு சீசனை மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள்.

காயத்தில் போன சீசனை எப்படி எழுதுவது?

'மதிப்பிட முடியாது' என்று எழுதுங்கள், 'மோசம்' என்று எழுதாதீர்கள். அப்போது கார்ல்டனில் இருந்த சார்லி கர்னோ முழங்கால் காயத்தால் 2020-ல் ஓர் ஆட்டமும் ஆடவில்லை, 2021-ல் நான்கு. அடுத்த இரண்டு வருடமும் லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்மன் மெடல் அவருக்குத்தான். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2013-ல் ரைசிங் ஸ்டார் வாங்கிய ஜேகர் ஓமேரா 2015, 2016 இரண்டையும் முழங்காலுக்கே கொடுத்தார்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்பது விதி. "இரண்டு வாரம் காணோமே, ஃபார்ம் போய்விட்டதா?" என்று கேட்பதற்கு முன்னால் காயப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் வருடம் ஏன் பலர் சறுக்குகிறார்கள்?

முதல் வருடம் எதிரணி அவரைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் வருடம் அவர் எந்தக் காலில் உதைப்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் எதிரணியின் வீடியோவில் இருக்கிறது. சிலருக்கு டேக்கர் வேறு, அதாவது அவரை மட்டும் ஒட்டிக்கொண்டே ஓடும் ஆள். ஓர் ஆட்டத்துக்கு 12, 13 கிலோமீட்டர் ஓடும் உடம்பு முதல் சீசனின் களைப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. எண்கள் இறங்கினால் பயப்பட வேண்டாம். அந்த டேக்கரைச் சமாளிக்க ஆகஸ்டுக்குள் ஏதாவது புது வழி கண்டுபிடித்தாரா என்று பாருங்கள்.

ஃபேன்டசி புள்ளியை வைத்து மதிப்பிடலாமா?

வேண்டாம். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஏஎஃப்எல் ஃபேன்டசியில் உதைக்கு 3, ஹேண்ட்பாலுக்கு 2, மார்க்குக்கு 3, டேக்கிளுக்கு 4. மேலே சொன்ன ஸ்பாயிலுக்கு ஒன்றும் இல்லை.

பெண்கள் லீக்கிலும் இதே அளவுகோலா?

அடிப்படை அதேதான். ஆனால் 2017-ல் தொடங்கிய ஏஎஃப்எல்டபிள்யூ-வில் ஒரு பக்கத்துக்கு 16 பேர், சீசனும் குறுகியது. கூடைப்பந்து, சாக்கர் போன்ற வேறு ஆட்டங்களிலிருந்து 22, 24 வயதில் வருபவர்களும் உண்டு. அங்கே வயதைவிட, ஓவல் பந்தைக் கையில் எடுத்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்பதுதான் சரி.

கடைசியில் பத்துக்கு எத்தனை மார்க் போடுவது?

நான் மார்க் போடுவதை விட்டுவிட்டேன். மூன்று வரி எழுதுகிறேன். கற்பனையாக ஒரு 19 வயது ஹாஃப்-பேக்குக்கு எழுதினால் இப்படி வரும்: "எதிரணியின் சின்ன ஃபார்வர்டைக் கட்டிப்போடும் வேலை. ஏப்ரலில் பந்தைப் பார்த்து ஆளை விட்டார், ஜூலையில் ஆளை விடவே இல்லை, ஆனால் வலது காலில் உதைக்க வேண்டி வந்தால் இன்னும் தடுமாறுகிறார். கோடையில் அந்த வலது காலும், இடுப்புக்கு மேலே ஐந்து கிலோவும்." 6.5 என்று போட்டிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

என் மகன் உள்ளூர் கிளப்பில் 14 வயது அணியில் ஆடுகிறான். அவனுக்கும் இப்படிப் பார்க்கலாமா?

பாருங்கள், ஆனால் எண்ணாதீர்கள். காரில் வீட்டுக்குத் திரும்பும்போது "எத்தனை கோல்?" என்று முதலில் கேட்காமல், "இன்று கோச் உன்னை எங்கே நிற்கச் சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பையன் டாண்டினாங் வரும்வரை, கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் மைதானம் வரைந்து காட்டிக்கொண்டே வருகிறான்.